வயதானவர்களுடன் மறுபடி கப்பலேறுவது: நாகையா, சென்னையா, சிங்கப்பூரா, அமெரிக்காவா?

கரோனாவுக்கு முன்னால் பிள்ளைகள் புண்ணியத்தில் ஒரு தடவை சொகுசுக் கப்பலில் போய்வந்த பெரியவர்கள் டெல்டா பக்கம் நிறையவே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு பிள்ளை, அமெரிக்காவில் ஒரு பிள்ளை என்று இருக்கும் வீடுகள் மயிலாடுதுறை, கும்பகோணம், மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பிள்ளைகள் இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். போனவர்களுக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் இடைப்பட்ட வருடங்களில் உடம்பு மாறியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட், அம்மாவுக்குச் சர்க்கரையும் முட்டி வலியும், இருவருமே 70-ஐ ஒட்டியவர்கள். அக்கா அமெரிக்காவுக்கு வரச் சொல்கிறாள், தம்பி சிங்கப்பூருக்கு, அம்மாவோ ரயிலேறிச் சென்னையில் கப்பல் பிடித்தால் போதும் என்கிறார். ஊரில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவள் நான் என்பதால் முடிவு என் தலையில்.

டிக்கெட் விலை, சாப்பாடு, கேபின் பால்கனி இதையெல்லாம் ஒப்பிட்டுச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் என்ன நடக்கும் என்பதை ஒப்பிட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. இந்த நான்கு வழிகளையும் நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்.

முதலில் கப்பலில் இருக்கும் ஆஸ்பத்திரி எதுவரைக்கும் தாங்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் பெரும்பாலும் அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் அமைப்பு வகுத்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகின்றன. அதன்படி டாக்டர், நர்ஸ், ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, ஆக்சிஜன், வென்டிலேட்டர் எல்லாம் இருக்கும். மாரடைப்பு என்று உறுதியானால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வைக்க முடியாது. அறுவை சிகிச்சை கிடையாது, ரத்த வங்கி கிடையாது. பக்கவாதம் வந்தால் நிலைமை இன்னும் கஷ்டம். அது ரத்தக்கட்டியால் வந்ததா, ரத்தக்கசிவால் வந்ததா என்று சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் கட்டி கரைக்கும் ஊசியைத் தொடவே முடியாது, அந்த ஊசிக்கான அவகாசம் நாலரை மணி நேரம்தான், சிடி ஸ்கேன் வைத்திருக்கும் கப்பலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகக் கப்பலில் இருப்பது ஒரு நல்ல அவசர சிகிச்சைப் பிரிவு. நோயாளியை நிலைநிறுத்தி, கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. அந்த ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரம் தள்ளி இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன வசதி இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. கோடியக்கரைப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் 108-ஐக் கூப்பிட்டு, நாகப்பட்டினமா, திருவாரூர் மெடிக்கல் காலேஜா, நேரே தஞ்சாவூரா என்று வண்டியில் ஏற்றும்போதே பேசிக்கொள்கிறோம் இல்லையா, அதே கணக்குத்தான் கடலிலும். ஒரே வித்தியாசம், அங்கே வண்டியைத் திருப்புவது கேப்டன் கையில் இருக்கிறது. ஹெலிகாப்டர் வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஹெலிகாப்டர் பறக்கக்கூடிய தூரம், வானிலை, பகலா இரவா, எந்த நாட்டுக் கடலோரக் காவல் படை என்று எத்தனையோ பார்த்துத்தான் அது வரும்.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை போகும் பயணிகள் கப்பல் சொகுசுக் கப்பல் இல்லை, தெரியும். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கி, மழைக்காலம் வந்ததும் நின்று, 2024 ஆகஸ்ட்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். இதை ஏன் பட்டியலில் சேர்க்கிறேன் என்றால், இத்தனை வருடம் கழித்து ஒருவருடைய உடம்பு கடலை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க இதைவிடக் கிட்டத்தில் வேறு வழி நமக்கு இல்லை. வாந்தி வருகிறதா, தலைசுற்றல் இறங்கின பிறகும் தொடர்கிறதா, படியேறி இறங்க முட்டி ஒத்துழைக்கிறதா, கழிப்பறைக்குப் பிடித்துக்கொண்டு நடந்து போக முடிகிறதா, எல்லாம் நாலு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் சொகுசுக் கப்பலில் இருப்பது போன்ற ஆஸ்பத்திரியை இதில் எதிர்பார்க்கக் கூடாது. அதனால் ஓரளவு திடமாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை ஓட்டம். அந்தப் பக்கம் இறங்கினால் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை இருக்கிறது. இலங்கை முழுக்க 1990 என்ற எண்ணில் சுவசெரிய என்ற இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது, நம் நாட்டு நிதியுதவியில் 2016-இல் ஆரம்பித்தது. இந்த எண்ணைப் போனில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, 108-ஐ அங்கே அழுத்திப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். 2018 நவம்பரில் வேதாரண்யத்தைக் கஜா என்ன பண்ணிவிட்டுப் போனது என்று பார்த்த நமக்கு அந்த மாதங்களின் வங்கக் கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, அம்மாவின் விருப்பம், சென்னை. 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்த கார்டிலியா கப்பல் சேவை. உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் துறைமுகம். விமானம் கிடையாது, நீண்ட வரிசை கிடையாது, சாப்பாட்டில் இட்லியும் தயிர்சாதமும் உண்டு, நம் மொழி பேசும் கூட்டம். முட்டி வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களோடு விமான நிலையத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று ராத்திரி கடலுக்குள் போய்த் திரும்புவது முதல் இலங்கை வரை போகும் ஐந்து ராத்திரிப் பயணம் வரை இருந்திருக்கிறது.

உடம்புக் கணக்கில் பார்த்தால் சில விஷயங்கள் இடிக்கின்றன. சென்னைக்கு வந்துபோன கார்டிலியாவின் எம்பிரஸ் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது, சுமார் 48 ஆயிரம் டன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜென்டிங் ட்ரீம் 2016-இல் வந்தது, சுமார் ஒன்றரை லட்சம் டன், 335 மீட்டர் நீளம். சின்னக் கப்பல் மோசம் என்று சொல்ல வரவில்லை. அதே அலையில் சின்னது அதிகம் ஆடும், அவ்வளவுதான். தலைசுற்றலும் தடுமாறி விழுவதும் 70 வயதுக்காரர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை, இடுப்பு எலும்பு முறிந்தால் பயணம் அதோடு முடிந்தது. அப்புறம் காலம். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போதுதான், அதாவது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, இந்தக் கப்பல் சென்னைப் பக்கம் வருகிறது. அந்த நேரத்தில் நம் கரையும் திருகோணமலைப் பக்கமும் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டையை ஒட்டிய கடல் அதே பருவக்காற்றில் புரளும். ஆகவே சென்னையிலிருந்துதான் போகப் போகிறீர்கள் என்றால் திருகோணமலை, காங்கேசன்துறை பக்கம் போகும் வழித்தடத்தைப் பாருங்கள், அம்பாந்தோட்டை வேண்டாம்.

கடலுக்குள் போய்த் திரும்பும் குட்டிப் பயணத்தில் கரை பெரும்பாலும் சென்னைதான், அது ஒரு பெரிய தைரியம். சென்னையில் இதய சிகிச்சைக்கு என்ன குறை? நோயாளியின் பழைய ஃபைல் எல்லாம் ஒரு போன் தூரத்தில். ஆனால் நடுவில் ஒரு முழுநாள் கடலில் இருக்கும்போது திரும்பி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவ மையத்தில் என்னென்ன இருக்கிறது, டாக்டர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறாரா என்பதையும் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் "எல்லாம் இருக்கு சார்" என்று சொல்லிவிடுவார்கள், எழுத்தில் கேட்டால்தான் விசாரித்துப் பதில் போடுவார்கள்.

மூன்றாவது சிங்கப்பூர். என் மனது இங்கேதான் நிற்கிறது. காரணம் தம்பி இருப்பது மட்டும் இல்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், இடையில் எங்கும் இறங்கி ஏற வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து திருச்சி விமான நிலையம் காரில் மூன்று மணி நேரம். கப்பல் ஏறும் மரினா பே துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் பொது மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். மூன்று ராத்திரிப் பயணத்தில் கப்பல் பெரும்பாலும் மலாக்கா நீரிணைக்குள்ளேயே போய்வரும், இரு பக்கமும் நிலம் இருப்பதால் கடல் அதிகம் கொந்தளிக்காது, பினாங்கு போன்ற நல்ல ஆஸ்பத்திரிகள் உள்ள ஊர்களில் நிற்கும். அப்பாவுக்கு ராத்திரி ஏதாவது ஆனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஸ்டென்ட் வைக்கக்கூடிய ஒரு கரையில் இறக்கிவிட முடியும் என்ற நிலை இதில் கிடைக்கிறது. சென்னைக் குட்டிப் பயணத்திலும் அது கிடைக்கும், ஆனால் ஆட்டம் அதிகம். அமெரிக்கப் பயணத்தில் பாதி வழிக்குத்தான் கிடைக்கும்.

சிங்கப்பூரில் பயப்பட வேண்டியது செலவு. வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையில்கூட மானியம் கிடையாது, முழுப் பணம் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் போகவே கூடாது. இன்னொன்று, மருந்து. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இதெல்லாம் நம்மூரில் டாக்டர் சர்வசாதாரணமாக எழுதுவார், சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன்னனுமதி தேவைப்படலாம். அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் மூலப்பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். சில ஊர்களில் கப்பல் கரையில் கட்டாமல் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்கிக் கூட்டிப்போவார்கள். ஆடுகிற படகில் கால் மாற்றி வைப்பது முட்டி வலிக்காரர்களுக்கு ஆபத்து. அந்த ஊரில் அம்மா கப்பலிலேயே இருந்துவிடட்டும், நஷ்டம் ஒன்றுமில்லை.

நான்காவது, அக்கா சொல்லும் கரீபியன், ஏழு ராத்திரி, ஃப்ளோரிடாவிலிருந்து. இதை நான் அப்படியே ஒதுக்கவில்லை. சுகாதாரக் கண்காணிப்பில் அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்குத்தான் கெடுபிடி அதிகம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னறிவிப்பில்லாமல் ஏறிச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது, 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. கப்பலில் நூற்றுக்கு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு வாந்தி என்றாலே கப்பல் பெயரோடு பொதுவில் வெளியிடுகிறார்கள். நம் பக்கத்துக் கப்பல்களைப் பற்றி இப்படி வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ள வழியில்லை. ஆனால் நம் வீட்டிலிருந்து அந்தக் கப்பலுக்குப் போவதற்கே ஒரு நாளுக்கு மேல். அவ்வளவு நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயம், சர்க்கரை மாத்திரை நேரம் குழம்புவது, தூக்கம் கெடுவது எல்லாம் கப்பலேறுவதற்கு முன்பே. அமெரிக்க ஆஸ்பத்திரிச் செலவோ வேறு எந்த நாட்டோடும் ஒப்பிட முடியாதது. வழியில் வரும் சின்னத் தீவுகளில் எல்லாவற்றிலும் ஆஞ்சியோ வசதி இருக்காது, அங்கிருந்து மருத்துவ விமானம் வைத்து ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவரப் பல்லாயிரம் டாலர் ஆகும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு. அக்காவைப் பார்க்கப் போவது வேறு விஷயம், ஏற்கெனவே அங்கே போய் இரண்டு மாதம் தங்கி, நேரமும் தூக்கமும் சரியாகி, அங்கிருந்து கப்பல் என்றால் யோசிக்கலாம். கப்பலுக்காக மட்டும் அவ்வளவு தூரம், ஸ்டென்ட் வைத்தவரோடு, எனக்கு மனசு ஒப்பவில்லை.

எந்தக் கப்பல் என்றாலும் தொற்று பொதுவானது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் நிறுத்தி வைக்கப்பட்டபோது 3,711 பேரில் 712 பேருக்குக் கரோனா வந்தது. அந்தக் கப்பலில் மொத்தம் 138 இந்தியர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் ஊழியர்கள். அந்தச் செய்தி ஓடிய நாட்களில் கப்பலில் பிள்ளைகள் வேலை பார்த்த வீடுகளில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்குப் பெரும்பாலான கப்பல்களில் தடுப்பூசிச் சான்றும் பரிசோதனையும் கேட்பதில்லை. அதனால் காப்பு நம் கையில்தான். ஃப்ளூ தடுப்பூசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும், உடம்பு எதிர்ப்பைத் திரட்ட அவ்வளவு நாள் பிடிக்கும். 65 தாண்டியவர்கள், சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள் நிமோனியாத் தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேட்க வேண்டும். லிஃப்டிலும், விமான நிலையத்திலும், கப்பலேறும் கூடத்திலும் மாஸ்க் போடச் சொல்லுங்கள். நுரையீரல் பலவீனமானவர்கள் வெந்நீர்த் தொட்டியில் இறங்கவே வேண்டாம், லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமிக்கு அந்த வெதுவெதுப்பும் நீராவியும் ரொம்பப் பிடிக்கும்.

கரோனாவைவிடக் கப்பலில் அடிக்கடி வருவது நோரோவைரஸ், வாந்தியும் பேதியும். இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பஃபே வரிசையில் ஒரே கரண்டியை, ஒரே இடுக்கியை நூறு பேர் பிடிக்கிறார்கள். மற்றவர்கள் அதைப் பிடித்துவிட்டு முள்கரண்டியால் சாப்பிடுவார்கள். நாம் வரிசைக்கு வரும் முன்பே கையைக் கழுவிவிட்டு, எல்லோரும் தொட்ட கரண்டியால் சாதம் எடுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து அதே கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். வாசலில் வைத்திருக்கும் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்போம், ஆனால் ஆல்கஹால் சானிடைசர் நோரோவைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் இருபது விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. ஆகவே வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சொல்வது: தட்டில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் போய்க் கை கழுவிவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் தட்டுக்கு ஒரு ஆள், பரிமாறி எடுத்துவர ஒரு ஆள் என்று பிரித்துக்கொள்ளுங்கள், கையால் சாப்பிடுகிறவர் கரண்டியைத் தொடவே வேண்டாம். முடிந்தால் பஃபேயை விட்டுப் பரிமாறுகிற உணவகத்துக்குப் போய்விடுங்கள்.

வந்துவிட்டால் மறைக்கக் கூடாது. கேபினுக்குள்ளேயே ஒன்றிரண்டு நாள் இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து பலர் வெளியே சொல்வதில்லை, அதனால்தான் கப்பல் முழுக்கப் பரவுகிறது. வயதானவர்களுக்குப் பேதியைவிட நீர்ச்சத்து வற்றுவதுதான் ஆபத்து. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், பிரஷருக்கு நீர்போகும் மாத்திரை எடுப்பவர்கள் வாந்தி பேதி நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்று ஊரிலேயே தங்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பலில் வைத்து வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று இருக்காதீர்கள், நடுக்கடலில் நம் சிம் வேலை செய்யாது, கப்பல் வைஃபைக்குத் தனிப் பணம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியில் உலக சுகாதார நிறுவன முறை என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஓஆர்எஸ் என்று பேர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததே, சர்க்கரைக்காரர்களுக்கு அவை கூடவே கூடாது.

மருந்துப் பை. நம்மூர் மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில் போய்விடும், கையில் இருப்பது பெயரின் கடைசி மூன்று எழுத்தும் "50" என்ற எண்ணும். வீட்டில் அது எந்த மாத்திரை என்று எல்லோருக்கும் தெரியும். கப்பல் டாக்டருக்குத் தெரியாது, சுங்க அதிகாரிக்கும் தெரியாது. ஆகவே இந்தப் பயணத்துக்கு முழு அட்டையாக வாங்குங்கள், வழக்கத்தைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் டாக்டரை எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் கம்பெனிப் பெயர்கள் வேறு நாட்டில் யாருக்கும் புரியாது. எல்லாம் கைப்பையில். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகும், மத்தியான மாத்திரை அதற்குள் மாட்டிக்கொள்ளும். இன்சுலின் போடுபவர்கள் கேபின் குட்டி ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம், பல கப்பல்களில் அது பானத்தைச் சற்றே குளிர வைக்கும் பெட்டிதான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், முன்கூட்டியே சொல்லி வைத்தால் மருத்துவ மையத்தில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். ஊசியைப் போடும் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். அப்பா மாதிரி ஸ்டென்ட் வைத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நன்றாக இருக்கும்போது எடுத்த கடைசி ஈசிஜியையும் போனில் படமாகவும் தாளாகவும் வைத்திருக்க வேண்டும். இன்றைய ஈசிஜியில் தெரியும் மாற்றம் பழையதா புதியதா என்று கப்பல் டாக்டர் முடிவு செய்ய அந்த ஒரு தாள் பெரிய உதவி.

தலைசுற்றலுக்கு நம்மூரில் பஸ்ஸுக்குப் போடுவது போல அவோமின் வாங்கிப் போட்டுவிடுவோம். இளையவர்களுக்குப் பரவாயில்லை. வயதான ஆண்களில் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது சிறுநீரை அடைக்கலாம், மயக்கமும் குழப்பமும் வந்து ராத்திரி கேபினில் விழவும் கூடும். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம் கேபின் தேர்வு: கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. மேல்தளப் பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து லிஃப்டுக்குப் பக்கத்துக் கேபின் கேளுங்கள். கால் மரத்துப்போகும் சர்க்கரைக்காரர்கள் வெயிலில் டெக்கில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, கொப்புளம் வந்ததே தெரியாது.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்றிரண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கடலில் செல்லாது, வழக்கமான மெடிக்ளெய்ம் பெரும்பாலும் நாட்டுக்குள்தான். வெளிநாட்டுப் பயண பாலிசி எடுக்கும்போது ஸ்டென்டையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதுங்கள். பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நேரத்தில் மட்டும், ஒரு வரம்புக்குள் மட்டும் கொடுக்கும், அந்த வரம்பு எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசெல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். கப்பல் மருத்துவ மையத்தில் கேஷ்லெஸ் எதிர்பார்க்க வேண்டாம், கேபின் கணக்கில் பில் ஏறும், நாம் கட்டிவிட்டு ஊருக்கு வந்து கேட்டுப் பெற வேண்டும். சென்னையிலிருந்து எங்கும் நிற்காமல் திரும்பும் பயணத்துக்கு எந்த பாலிசி பொருந்தும் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

ஆக, உடம்பு திடமாக, பிரஷர் மாத்திரை ஒன்றோடு இருப்பவர்களுக்குச் சென்னை தாராளம், ஆட்டத்தில் சந்தேகம் என்றால் அதற்கு முன் நாகையில் ஒரு தடவை. இதயம், சர்க்கரை என்று இரண்டு மூன்று சேர்ந்தவர்களுக்குத் திருச்சி வழியாகச் சிங்கப்பூர், மூன்று ராத்திரி, அதற்கு மேல் வேண்டாம். ஸ்டென்டோ பைபாஸோ பண்ணிச் சில மாதம்கூட ஆகாதவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள் அவர்களுடைய டாக்டர் எழுத்தில் சரி என்று சொல்லும் வரை எதுவுமே வேண்டாம். எங்கள் வீட்டில் மாசி மாதத்துக்குச் சிங்கப்பூர் என்று பேசியிருக்கிறோம், தை பிறந்ததும் தஞ்சாவூரில் அப்பாவுக்கு எக்கோவும் ட்ரெட்மில்லும் பார்க்க வேண்டும், டிக்கெட் அதற்கப்புறம்தான். ட்ரெட்மில்லில் டாக்டர் முகம் சுளித்தால் தம்பி குடும்பம் இங்கே வரட்டும்.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கப்பலில் போய்வந்ததையும் எந்தெந்த ஊரில் இறங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று நம்மூர்க் கணக்கிலேயே தேடிக்கொண்டிருப்பார், லெஜியோனெல்லா பதினான்கு நாள் வரை மறைந்திருந்து வரக்கூடியது, அதற்கான பரிசோதனையைக் கேட்டால்தான் எழுதுவார்கள்.